அவங்கவங்க புள்ளையப் பத்தி மட்டும்

பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உங்களுக்கு ஊருக்குள் ஒரு புது மரியாதை கிடைத்திருக்கும். டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார்கள். ஜவுளிக்கடையில் கேட்காமலே விலையைக் குறைத்துப் போடுவார்கள். நம் முகலட்சணத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். டீ பாதி உள்ளே போவதற்குள் கேள்வி வந்துவிடும். "அந்த மாடி வூட்டுக்காரர் பொண்ணு பத்தாவதுல எத்தினி மார்க்குங்க?" "அதுக்கு நெசமான வயசு என்னாங்க? ஸ்கூல்ல என்னா தேதி குடுத்திருக்காங்க?"

நான் விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, ஆவணி பிறந்தால் போதும், கல்யாணத் தரகர் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி என் ஜன்னலுக்கு வந்துவிடுவார். "ஒரு நல்ல காரியத்துக்குத்தானே கேக்கறேன், மேடம்" என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. நம்மிடம் வந்து கேட்கிற எல்லாருமே ஏதோ ஒரு நல்ல காரியத்துக்குத்தான் கேட்பார்கள். கெட்ட காரியத்துக்குக் கேட்கிறேன் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

ரெஜிஸ்டரை எப்படி எழுதுவது, டி.சி.யில் எங்கே முத்திரை வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு எட்டாம் வகுப்பில் நடந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமையாசிரியையின் பெயரும் வேண்டாம். நாங்கள் எல்லாரும் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எண்பதுகளின் கடைசி. அப்போது நாங்கள் தென்னார்க்காடு மாவட்டம். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து வந்திருந்த காலம். தோலில் ஒரு தேமல் அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் ஆறு மாத மாத்திரையில் தீர்ந்துவிடும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆய்வாளர்களை அனுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் மருந்து வந்த வேகத்தில் மனசு வந்திருக்கவில்லை. 'குஷ்டம்' என்ற சொல்லை அப்போது யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். ஒரு பெண்ணுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அவள் படிப்பு அன்றோடு சரி. எங்கள் ஊர்ப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிற வீடாக இருந்தால் அம்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். விவசாய வீடாக இருந்தால் அக்காவின் கல்யாணம் நின்றுபோகும்.

எங்களுக்கு வந்த ஆய்வாளர் வெளியூர்க்காரர், சின்ன வயது. வெளிறிய திட்டு ஏதாவது தெரிந்தால், பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் அந்த இடத்தைத் தொடுவார். எங்கே தொட்டேன் என்று கேட்பார். தொட்டது தெரியவில்லை என்றால்தான் சந்தேகம்.

எங்கள் ஊரில் இந்தச் சோதனைக்கு ஒரு வம்பு இருந்தது. பீங்கான் வேலை செய்கிற வீட்டுப் பெண்கள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சுரண்டி, ஈரத் துணியால் வழித்துவிடுகிற வேலை. வெள்ளைக் களிமண் முழங்கையிலும் கழுத்திலும் பட்டு அப்படியே காய்ந்துவிடும். பார்ப்பதற்குத் தேமல் போலவே இருக்கும். எட்டாம் வகுப்பு வாசலில் வந்து நின்ற ஆய்வாளர் திகைத்துப் போய்விட்டார். அவர் கண்ணுக்குப் பாதி வகுப்புக்கு நோய்.

வகுப்பு டீச்சர் சிரித்துவிட்டார். நல்ல டீச்சர் அவர், பிள்ளைகள் மேல் உயிராக இருப்பார். ஆய்வாளரின் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்து, "கையில களிமண்ணு இருக்கறவங்க எல்லாம் எழுந்திரிங்க. குழாயடிக்குப் போயி நல்லா தேச்சுக் கழுவிட்டு வந்து வராண்டாவுல நில்லுங்க" என்றார். விருத்தாசலத்தில் வேலை பார்க்கிற எந்த டீச்சராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

குழாயடி மைதானத்துக்கு நடுவில். எல்லா வகுப்பு ஜன்னலும் அதைப் பார்த்துத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் போய்க் கழுவிவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். ஆய்வாளர் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார், பிறகு உள்ளே போய் மற்றவர்களையும் பார்த்தார். யாரிடம் அதிக நேரம் நின்றார், யாரைக் கண்ணை மூடச் சொன்னார் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஆபீஸில் சம்பளப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் அவர் அம்மாவின் அறைக்குப் போனார். கதவு மூடிக்கொண்டது. மூடின கதவை மைதானமே பார்த்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் செய்தி ஆறாம் வகுப்புவரை போய்விட்டது. குழாயடிக்குப் போனவர்களில் ஒருத்திக்குக் குஷ்டமாம்.

அன்று மதியம் அந்தப் பெண்கள் சாப்பிட உட்கார்ந்த வேப்பமரத்தடிக்கு வேறு ஒருத்தியும் வரவில்லை. ஊறுகாய் பங்கு கேட்டு அடித்துக்கொள்கிற சிநேகிதிகள்கூட வரவில்லை. நான் கை கழுவப் போனபோது அவர்களில் ஒருத்தி குழாயடியில் தனியாக நின்று, செங்கல் துண்டால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து ரத்தம் கசிகிற நிலை. செங்கல்லைப் பிடுங்கி எறிந்தேன். "இன்னும் போவலக்கா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன், பாவம், இவள்தான் என்று.

சாயங்காலம் அம்மா ஆய்வாளரைத் திரும்ப வரவழைத்தார். எதையோ தேடுகிற சாக்கில் நானும் அந்த அறையில் இருந்தேன்.

"நாளைக்கு மறுபடியும் பாத்துடுங்க. கூட ஒரு நர்ஸம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. என் ரூம்ல வெச்சு, எட்டாங்கிளாஸ் மொத்தத்தையும், ஒவ்வொருத்தியா" என்றார் அம்மா.

"நான்தான் எல்லாரையும் பாத்துட்டேனேம்மா. ஒரே ஒரு பொண்ணுதான். சந்தேகமே கெடையாது."

"நீங்க பாத்துட்டீங்க. கூடவே ஊரும் பாத்துட்டுது. ஊரு பாத்ததை அழிக்கணுமில்ல?"

ஆய்வாளர், "தப்பு என்மேலயும் இருக்குதும்மா. காலையிலயே இப்பிடிச் செஞ்சிருக்கணும்" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மறுநாள் அப்படியே நடந்தது. ஒரு பெண் உள்ளே போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒன்றும் இல்லாத பெண்ணையும் அம்மா உடனே வெளியே விடவில்லை. என்ன படிக்கிறாய், கணக்கு ஏன் வரவில்லை என்று பேசிப் பேசியே நிறுத்திவைத்தார். யார் போனாலும் ஒரே அளவு நேரம். கடைசிப் பெண் வெளியே வந்தபோது, 'குழாயடிக்குப் போனவர்களில் ஒருத்தி' என்ற பேச்சுக்குக் கால் உடைந்துவிட்டது. வகுப்பில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

எனக்கு மட்டும் தலை வெடித்தது. அந்த ஆபீஸின் எல்லாச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், யாருக்கு எப்போது பிரசவ விடுப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியாது. எல்லாரும் போன பிறகு அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"யாரும்மா அது? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

"நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேம்மா. கொஞ்சம் கவனமா பாத்துக்குவேன், அவ்வளவுதான்."

"கவனமா பாக்காத. அவளுக்கு வேண்டியது அதுதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஒன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ஒனக்கு இதுல ஒரு வேலையும் இல்ல. வேலை இல்லாதவங்களுக்கு எதுக்கு?" என்றார்.

எனக்குக் கோபமான கோபம். ஆபீஸைப் பூட்டும்போது பூட்டை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் வாயாடி என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் சொல்லவில்லை என்று நினைத்து இரவெல்லாம் புழுங்கினேன்.

கோபம் தெளிய மறுநாள் காலை ஒரு போன் வர வேண்டியிருந்தது.

"கல்வி அதிகாரி ஆபீஸ்லேர்ந்து பேசறோம்" என்றது ஓர் ஆண் குரல். அதட்டலான குரல். "ஒங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணுக்கு வியாதின்னு ரிப்போர்ட் வந்திருக்குது. பேரு, அப்பா பேரு, எந்தத் தெரு, ஒடனே சொல்லுங்க. சார் லைன்ல காத்திருக்காரு."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதிகாரி ஆபீஸ் என்றால் நாங்கள் எழுந்து நின்று பேசுகிற காலம் அது. பெயர் தெரிந்திருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அப்பா பெயர், தெரு, கேட்காத விவரம்கூடச் சேர்த்துச் சொல்லியிருப்பேன். தெரியாததால் "சார்… சார்…" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த இழுப்பில்தான் போனுக்குப் பின்னால் கேட்ட சத்தம் காதில் விழுந்தது. "வேப்பூர், வேப்பூர், வேப்பூர்! ஏறு, ஏறு!" என்று ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அதிகாரியின் அறைக்குள் எப்போது பஸ்ஸு விட்டார்கள் என்று யோசித்தேன்.

"எழுத்து மூலமா கேளுங்க சார், எங்க அம்மா பதில் போடுவாங்க" என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. யாரும் எழுதவும் இல்லை.

தெரியாததைச் சொல்ல முடியாது, பிள்ளைகளே. பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து யாரோ ஒருத்தன் போட்ட அதட்டலில் என்னிடமிருந்து ஒரு பெண்ணின் வாழ்க்கை உருவப்பட்டிருக்கும். அம்மா எனக்குச் செய்தது அவமரியாதை இல்லை, உபகாரம் என்று அன்றைக்குப் புரிந்தது. அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். 'ஏறு ஏறு' வரைக்கும் நடித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் கூட்டம் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்புப் பெண்களின் பெற்றோர். நல்லூர்ப் பக்கமிருந்துகூட வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் உரக்கடைக்காரர். கடைத்தெருவில் நல்ல செல்வாக்கு, குரலும் அதற்குத் தகுந்த குரல். பின்னால், பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்த சில பெண்கள் முந்தானையில் வெள்ளைக் களிமண்ணோடு ஒதுங்கி நின்றார்கள். அம்மா வராண்டாவுக்கு வந்தார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"எம் பொண்ணு பக்கத்துல எந்தப் பொண்ணு ஒக்காருதுன்னு எனக்குத் தெரியணுமா வேணாமாம்மா?" என்றார் உரக்கடைக்காரர். "பேரைச் சொல்லுங்க. இல்லன்னா அந்தக் குழாயடிக்குப் போனதுங்கள மொத்தமா தனியா ஒக்கார வையுங்க."

பட்டறைப் பெண்களில் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "எங்க புள்ளைங்க கையில இருந்தது களிமண்ணுங்க. வூட்டு வேலை செஞ்சதுக்கு அதுங்களுக்கு இந்தப் பேரா?" என்றாள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் ஓயும்வரை நின்றார். பிறகு சொன்னார்:

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு இருக்குது. ஆரம்பந்தான். ஆறு மாசம் மாத்திரை குடுத்தா தீந்துடும். பக்கத்துல ஒக்காரலாம், கூட சேந்து சாப்பிடலாம், ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஒங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். யாருன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா எம் பொண்ணுக்கு டி.சி. குடுங்க."

"கேட்டா குடுக்கத்தான் வேணும். அதுக்கு முன்னால ஒண்ணு செய்யலாம். உள்ள வாங்க, ஒவ்வொருத்தரா. அவங்கவங்க புள்ளையப் பத்தி அவங்கவங்ககிட்ட சொல்றேன். அடுத்தவங்க புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது." உரக்கடைக்காரரைப் பார்த்தார். "நீங்கதான் மொதல்ல கேட்டீங்க. மொதல்ல வாங்க."

அந்த மனுஷர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாளாக ஊரில் உள்ள எல்லாப் பெண்களைப் பற்றியும் யோசித்தவர், தன் பெண்ணைப் பற்றி அந்த நொடியில்தான் யோசித்தார். செருப்பை வாசலில் கழற்றினார். அந்த அறைக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே பட்டறைப் பெண்களும் விவசாய வீட்டுப் பெண்களும் ஒரே சுவரில் சாய்ந்து, ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் வெளியே வந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "என்னா சொன்னாங்க?"

"எம் பொண்ணைப் பத்திச் சொன்னாங்க."

"அதான், என்னா சொன்னாங்க?"

"எம் பொண்ணைப் பத்திதான்யா சொன்னாங்க. நீ போயி ஒம் பொண்ணைப் பத்திக் கேளு."

ஒவ்வொருவராகப் போனார்கள். கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு நான்தான் அனுப்பிவைத்தேன். வந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒருத்தர் வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நடுவில் ஒரு ஆள் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு, "அப்பாடா, எம் பொண்ணுக்கு…" என்று ஆரம்பித்தார். மரத்தடியில் நின்ற உரக்கடைக்காரர், "யோவ், சும்மா இருய்யா" என்று ஓர் அதட்டல் போட்டார். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே அம்மா என்ன சொல்லியிருந்தார் என்பதை, களிமண் முந்தானையோடு சண்டை போட்ட அந்தப் பட்டறை அம்மாள் மறுவாரம் காய்கறிக் கடையில் வைத்துச் சொன்னாள். "எம் பொண்ணைப் பத்திச் சொல்லிட்டு, கடைசியா ஒண்ணு கேட்டாங்க மேடம். வெளிய போயி எம் பொண்ணுக்கு இல்லன்னு மட்டும் சொல்லாதீங்கன்னாங்க. எல்லாரும் அப்பிடிச் சொல்லிட்டா, சொல்ல முடியாத ஒருத்தங்க தனியா நிப்பாங்களே, அது நீங்களா இருந்தா எப்பிடி இருக்கும்னு கேட்டாங்க."

சொன்னவள் தன் பெண்ணைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டி.சி. யாரும் வாங்கவில்லை. இரண்டு மூன்று பெண்கள் சில நாள் வராமல் இருந்து பிறகு வந்தார்கள். வேப்பமரத்தடியில் பழையபடி ஊறுகாய்ச் சண்டை தொடங்கிவிட்டது. முதல் நாள் போய் உட்கார்ந்தது வகுப்பு டீச்சர். தன் டிபன் டப்பாவைக் கொண்டுபோய் அந்தப் பெண்களுக்கு நடுவில் திறந்தார். அவர்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். மறுநாள் அவரைச் சுற்றி இடம் பிடிக்க மற்றப் பெண்கள் ஓடினார்கள்.

மாத்திரை கொடுப்பதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை நர்ஸம்மாவின் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஒரு பெண் மட்டும் மாதாமாதம் அம்மா அறைக்குப் போனால் மூன்றாவது மாதம் ஊரே கணக்குப் போட்டுவிடும். அதனால் எட்டாம் வகுப்பு மொத்தத்துக்கும் மாதம் ஒரு நாள் எடை பார்க்கிற நாள் என்று அம்மா அறிவித்தார். நான் வாசலில் வரிசை போட்டு விட, ஒவ்வொருத்தியாக உள்ளே போவாள், எடை பார்ப்பாள், நர்ஸம்மா கையால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவாள். மற்ற எல்லாருக்கும் இரும்புச் சத்து மாத்திரை. அந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பெண்கள் ரத்தம் ஏறித் தளதளவென்று ஆனார்கள். எங்களுக்கு ஏன் கிடையாது என்று ஒன்பதாம் வகுப்பு சண்டைக்கு வந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் முழுவதற்கும் கொடுக்கிற மாதிரி ஆயிற்று.

அந்த ஆறு மாதமும் செங்கல்லால் கை தேய்த்த பெண்ணை நான் தனியாகத்தான் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று சொன்ன அதே கவனமான பார்வை. மோர் கொண்டுபோனால் அவளுக்கு ஒரு டம்ளர் அதிகம். வெயிலில் நின்றால் உள்ளே வரச் சொல்வேன். "ஏங்க்கா என்னை மட்டும் இப்பிடிப் பாக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். "போ, போயி கிளாஸ்ல ஒக்காரு" என்று விரட்டிவிட்டேன்.

பிறகு அந்த வகுப்பு பத்தாவது முடித்துப் போனது. மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா ஓய்வு பெற்றுத் திட்டக்குடிக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். கடைசி நாள் மாலையும் கையுமாக நின்றபோதுகூட நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், பழைய மாணவி ஒருத்தி ஏதோ ஒரு சான்றிதழுக்காக என் ஜன்னலுக்கு வந்தாள். என்ன சான்றிதழ், எதற்கு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கணக்குப் போடுவீர்கள். நல்ல புடவை, நல்ல தெம்பு. முத்திரை போடும்வரை நின்றவள், ஆபீஸில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஆபீஸக்கா, எட்டாங்கிளாஸ்ல எங்களுக்கு மாசாமாசம் இரும்பு மாத்திரை குடுத்தீங்களே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதே. அதுக்கென்ன?"

"அதுல எனக்குக் குடுத்தது இரும்பு இல்லக்கா."

அவள் முகத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன். ஏனென்றால் என் எதிரில் உட்கார்ந்திருந்தவள் செங்கல்லால் தேய்த்தவள் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நான் தவறான பெண்ணுக்கு இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நோயே இல்லாத ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் மோரை ஊற்றி, வெயில் படாமல் பார்த்து, அவளை நானே நோயாளி ஆக்கியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தேன். நான் ஏன் அப்படிச் சிரிக்கிறேன் என்று அவள் கேட்டாள். அந்த இன்னொருத்தியின் பெயரைச் சொல்லாமல் ஏதோ சமாளித்தேன்.

"இப்ப எதுக்கும்மா எங்கிட்ட சொல்ற?" என்றேன்.

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்குதுக்கா. அவருகிட்ட நானே சொல்லிட்டேன். ஆறு மாச மாத்திரைதானா, எங்க வூட்டுல சுகருக்கு ஆயுசு பூரா சாப்பிடறாங்கன்னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு." சிரித்தாள். "அம்மா அன்னைக்கு என்னை உள்ள கூப்புட்டுச் சொன்னாங்க. இது ஒன்னோடது, நீயா குடுத்தாத்தான் இன்னொருத்தர்கிட்ட போவணும்னாங்க. அவருகிட்ட குடுத்தேன். ஒங்ககிட்டயும் குடுக்கணும்னு தோணுச்சு. நீங்க ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் யாருன்னு தெரியாமலே எங்களையெல்லாம் வரிசை போட்டு அனுப்பி வெச்சீங்க."

போகும்போது தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள். அம்மாவுக்கும் ஒன்று கொடுத்துவிடச் சொன்னாள். நான் தபாலில் போடவில்லை, திட்டக்குடிக்குப் பஸ் ஏறி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா பத்திரிகையைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் படித்தார். "நல்ல எடம்" என்றார். அதற்குமேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை. இருவரும் காபி குடித்தோம். ஜன்மத்தில் அப்படி ஒரு காபி குடித்ததில்லை.

இதை உங்களைப் போன்றவர்களிடம் சொல்லலாமா என்று பிற்பாடு அவளிடமே கேட்டேன். "சொல்லுங்கக்கா. ஆனா யாரும் என்னைக் கண்டுபுடிக்க முடியாத மாதிரி சொல்லுங்க" என்றாள். அதனால் சிலதை மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்று கேட்காதீர்கள். உரக்கடை உரக்கடையாக இல்லாமல் இருக்கலாம். எட்டாம் வகுப்பு ஏழாக இருக்கலாம்.

ஒவ்வொரு பயிற்சியிலும் இதைச் சொல்லி முடித்ததும் டீ இடைவேளையில் யாராவது ஒருத்தர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "மேடம், எங்ககிட்ட மட்டும் சொல்லுங்களேன். அந்தச் சத்தம் போட்டாரே, அவரு பொண்ணுதானே?" நல்ல பிள்ளைகள்தான். நல்ல காரியத்துக்குத்தான் கேட்கிறார்கள்.

உங்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் என்னிடம் சொன்னாள். உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை.